நாலுக்கு ஒண்ணு

"நாலுக்கு ஒண்ணா? எல்லாத்துலயுமா மேடம்?"

கணக்கு டீச்சரின் குரல் உடைந்தது. தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நான் போட்ட மார்க் இல்லம்மா. உன் ஏழாம் வகுப்புப் பசங்க போட்டது."

அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்துக்கு ரூப்ரிக் வந்திருந்தது. ஒவ்வொரு திறமைக்கும் ஒன்று முதல் நாலு வரை படி. எந்தப் படி ஏற என்ன தகுதி வேண்டும் என்று எதிரிலேயே எழுதியிருக்கும். பிள்ளைகளை அதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

"இது வேறயா!" என்று மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டபோது, ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டவர் கணக்கு டீச்சர் மட்டும்தான். பிள்ளைகளுக்கே அதைச் சொல்லிக்கொடுத்து, அவரவர் போட்ட கணக்குக்கு அவரவரையே படி போட வைத்தார். காரணம் எழுதாத மார்க் செல்லாது என்பது அவருடைய சட்டம்.

இப்போது மேலிடம் அதே ரூப்ரிக்கை ஆசிரியர்கள் பக்கம் திருப்பிவிட்டது. படி போட்டது பிள்ளைகள்.

"காரணம் எழுதியிருக்காங்களா?"

"எழுதாம? நீ பழக்கின பசங்களாச்சே." தலைமையாசிரியை படித்தார். "'கேள்வி கேட்டா, பதில் வர்ற வரைக்கும் நம்மளையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. ஒண்ணு.' 'மணி அடிச்ச பிறகும், யாராவது புரியலைன்னு சொல்லிட்டா போதும், மறுபடி ஆரம்பிச்சுடுவாங்க. ஒண்ணு.' 'பார்த்து எழுதினா எப்படியோ கண்டுபிடிச்சுடுவாங்க. ஒண்ணு.'"

பக்கத்து நாற்காலியில் வரலாறு சார் செருமினார். அவருக்கு எல்லாவற்றிலும் நாலு.

"எனக்கு எழுதினதையும் படிங்களேன் மேடம். டீச்சருக்கு உபயோகமா இருக்கும்."

"'வகுப்பு எப்பவும் அமைதியா இருக்கும். நாலு.' 'யாரையும் தொந்தரவு பண்ண மாட்டார். நாலு.' 'எங்க சுதந்திரத்துல தலையிடவே மாட்டார். நாலு.'"

"குழந்தைங்க பொய் சொல்லத் தெரியாதவங்க," என்றார் வரலாறு சார். "கொஞ்சம் அன்பா நடந்துக்குங்க டீச்சர். எந்நேரமும் விரட்டிக்கிட்டே இருந்தா எப்படி?"

தலைமையாசிரியை ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "சார் இனிமே பயிற்சியாளர். அடுத்த வாரம் மேலாபீஸ்ல சேர்றார். ஒண்ணு வாங்கினவங்களுக்கு சனிக்கிழமை சனிக்கிழமை அங்கே வகுப்பு இருக்கும்மா."

"நான்தான் எடுக்கறேன்," என்றார் வரலாறு சார். "தைரியமா வாங்க. உங்களையும் ரெண்டுக்குக் கொண்டுவந்துடலாம்."

வெளியே வந்தால் அறிவியல் டீச்சர் காத்திருந்தார். "பசங்க கையில ரூப்ரிக்கைக் கொடுத்துப் பழக்கினது நீங்கதானே? அனுபவிங்க!"

கணக்கு டீச்சருக்குக் காய்ச்சலோடு வந்து பாடம் நடத்தியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. வகுப்புக்குள் போனார். சாக்பீஸைத் தொடவில்லை.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் அவ்வளவு மோசமா?"

வகுப்புத் தலைவி எழுந்தாள். அவளுக்குப் பட்டப்பெயர் மைக்செட். அவள் வாயைத் திறந்தால் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிடும்.

"டீச்சர், மேலாபீஸ்ல இருந்து அந்தத் தாள் கொடுக்க வந்த மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? யார் நிறைய நாலு வாங்கறாங்களோ, அவங்களை ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம். அப்புறம் நம்ம ஸ்கூலுக்கு வரவே மாட்டாங்களாம்."

டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"அதான் எல்லாரும் கூடிப் பேசினோம். உங்களை அனுப்ப முடியாது டீச்சர். எங்களுக்கு இன்னும் பின்னமே முழுசாப் புரியலை."

"அப்போ... வரலாறு சாருக்கு?"

"அஞ்சு போடலாமான்னு கேட்டோம். அந்த மேடம்தான் கூடாதுன்னுட்டாங்க."

டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"பொய் எழுதலாமா? அதையா நான் சொல்லிக்கொடுத்தேன்?"

"காரணம் எல்லாம் நிஜம்தான் டீச்சர். மார்க் மட்டும்தான் பொய்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா மாட்டிவிட்டீங்க போங்க. ஒண்ணு வாங்கினவங்க எல்லாரும் சனிக்கிழமை பயிற்சிக்குப் போகணும். யார் எடுக்கப் போறா தெரியுமா? உங்க வரலாறு சார்!"

"ஐயோ!" வகுப்பே தலையில் கை வைத்துக்கொண்டது. இதை யாரும் யோசிக்கவே இல்லை.

மைக்செட் நேராக டீச்சரிடம் வந்தாள். பிறந்ததிலிருந்து பேசியிராத ரகசியக் குரலில் சொன்னாள்:

"பயப்படாதீங்க டீச்சர். அட்டென்டன்ஸ் எடுத்ததும் தூங்கிடுவார். செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு வெளியே வந்தீங்கன்னா, சத்தமே கேக்காது."