நடுவில் வெள்ளை

பிரஷ் முன்சுவரில் மாட்டியிருந்த என் படத்துக்கு ரெண்டு விரற்கடை தூரத்தில் வந்து நின்றது.

மாலதி மேடம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு கறுப்பு மையைத் தொட்டு வைத்திருந்தார். மாட்டுங்கா சபா ஹாலில் நாலு மணிக்கு எங்கள் ஓவிய வகுப்பின் கண்காட்சி திறப்பு. மணி மூன்றே முக்கால்.

"நிலா அழகா வந்திருக்கு பூமாரி. நடுவுலதான் மை பிடிக்காம வெள்ளையா விட்டுப்போச்சு. சும்மா நாலு கோடு, ஒரு முயல் மாதிரி போட்டுடறேன். இல்லேன்னா முன்சுவர்ல வைக்க முடியாதும்மா. படிக்கட்டுக்குக் கீழேதான்."

மை பிடிக்காமல் விட்டுப்போக நான் நேற்று வந்தவள் இல்லை.

தாராவியில் ராஹில் பாய் பட்டறையில் பத்தொன்பது வருசம். துணிப்பையில் கடைப்பெயர் அச்சடிக்கிற இடம். அடித்து முடித்த வலைத்துணி ஸ்கிரீனைத் தின்னரும் பிளீச்சும் போட்டுக் கழுவி, அடுத்த கடைப்பெயருக்குத் தயார் பண்ணுவது என் வேலை. கையுறை தந்தார்கள். போட்டால், பிசுக்குப் போச்சா போகலையா என்று விரலுக்குத் தெரியாது. கழற்றி ஆணியில் மாட்டினேன். இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது.

எவ்வளவு தேய்த்தாலும் ஸ்கிரீனில் பழைய பெயர் ஆவி மாதிரி லேசாக நிற்கும். எனக்கு அது பிடிக்கும். படத்துக்கு முதலில் அதைத்தான் எடுத்தேன். கோணிச்சாக்கை டீத்தண்ணியில் ஊறப்போட்டு, காயவைத்து, சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, தூக்கிப்போட்ட ஸ்கிரீன்களை வைத்து மங்கல் மங்கலாக அடித்தேன்.

அதன்மேல் ஜெராக்ஸ் தாள், எழுத்து உள்ளே போகிற மாதிரி. பெவிகால் தடவி ஒட்டி, காய்ந்ததும் ஈரத்துணியால் தேய்த்தால் தாள் உரிந்துவிடும், எழுத்து மட்டும் சாக்கில் நிற்கும். சனிக்கிழமை வகுப்பில் மேடம் சொல்லிக்கொடுத்ததுதான். பழைய நோட்டீசில் மூன்று தடவை செய்து பழகிவிட்டு என் தாளைத் தொட்டேன். மொத்தம் பதினொரு தாள். எழுத்தெல்லாம் இடவலமாகத் திரும்பி, பாதிபாதியாக நிற்கும். யாராலும் படிக்க முடியாது.

கடைசியில் அந்தப் பெரிய உருண்டை. சின்னதாக ஒன்று தாளில் ஒற்றி, ஜெராக்ஸ் கடையில் பெரிசாக்கி, பிலிம் எடுத்து, ஸ்கிரீனில் ஏற்றினேன். மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. ரெண்டாவது இழுத்தால் வழிந்துவிடும்.

அச்சடிக்கிற சைஃப் எட்டிப் பார்த்துவிட்டு உருளைக்கிழங்கு என்றான். ராஹில் பாய், "ஆலு நஹி ரே, அண்டா" என்று அதை முட்டையாக்கினார். அவரவர் பசிக்கு அவரவர்க்குத் தெரிந்தது.

மேடத்துக்கு அது நிலா. இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் விட்டிருந்தேன். முயல் வேண்டாம்.

"நான் படிக்கட்டுக்குக் கீழயே இருந்துக்கிடுதேன் மேடம். கோடு மட்டும் போடாதீங்க."

"அடம் பிடிக்காதீங்க பூமாரி, உங்க நல்லதுக்குத்தானே" என்று சொல்லிக்கொண்டே பிரஷை நீட்டினார்.

நான் கையை நடுவில் வைத்தேன்.

பிரஷ் என் பெருவிரலில் போய் அமுங்கியது. விரல் நுனி முழுக்கக் கறுப்பு.

மேடம் பதறிப்போனார். மேஜையில் கிடந்த வெள்ளைத் தாளை இழுத்து, என் விரலைப் பிடித்து அதில் ஒற்றினார். அழுத்தித்தான் ஒற்றினார்.

விரலை எடுத்ததும் தாளில் ஒரு உருண்டை. ஓரமெல்லாம் கறுப்பு. நடுவில் வெள்ளை.

மேடம் தாளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு என் விரலைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பத்தொன்பது வருசத் தின்னர் தின்ற இடம். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். மை நிற்காது.

ரேஷன் கடையில் ரேகை பார்க்கிற மிசின் பதினொரு தடவை வேண்டாம் என்று தள்ளிய விரல் அது.

ஒவ்வொரு தடவையும் கார்டை மறுபடி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வா என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அரிசி இல்லாமல் அந்தத் தாளோடு திரும்பினேன். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஐம்பது வயசில் சிலேட்டை மடியில் வைத்துப் படித்த கையெழுத்து. மிசினுக்கு அது வேண்டாமாம். "என்ன செய்ய மௌசி, ஆள் இருக்கு, விரல் இல்லையே" என்று கடைக்காரர் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

மேடம் பிரஷைத் தண்ணீரில் போட்டார். படத்தை ஆணியிலிருந்து இறக்கச் சொல்லவில்லை.

வாசலில் ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

படத்துக்குக் கீழே சின்ன அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. 'நிலா' என்று கம்ப்யூட்டரில் அடித்திருந்தார்கள். மேடத்தின் பேனாவை வாங்கினேன். நிலாவின் மேல் ஒரு கோடு இழுத்தேன். அதன் கீழே ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல் எழுதினேன்.

'ஆள் இருக்கு.'

கையெழுத்தும் போட்டேன்.