ஒன்பது நாள் வெள்ளை

பக்கத்து வீட்டு மொட்டைமாடிக் குழாய் தன் பின்கட்டில் மழைத்தண்ணீரைக் கொட்டுகிறது என்று வழக்குப் போட்டிருந்த ஆவுடையப்பனுக்கு, வக்கீல் ரெஜினாவின் கணினித் திரையைப் பார்த்ததும் பெருமை தாங்கவில்லை. ஆறு வருஷமாய் அவர் பை பையாய்ச் சேர்த்த புகைப்படம், மனு, புகார் எல்லாவற்றையும் அந்த மென்பொருள் தேதிவாரியாகப் பிரித்து, ஒரே கோட்டில் புள்ளிகளாக வைத்திருந்தது. சாதகமானது பச்சை, பாதகமானது சிவப்பு. மருந்துக்குக்கூட ஒரு சிவப்பு இல்லை.

"நாத்தங்கால் மாதிரில்லா இருக்கு!" என்றார்.

ரெஜினா ஓரிடத்தில் விரலை வைத்தாள். போன ஐப்பசியில் ஒன்பது நாள் வெறும் வெள்ளை. "நாளைக்குக் குறுக்கு விசாரணையில இதைத்தான் பிடிப்பாங்க. அப்ப மழை இல்லையா?"

"ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு மேடம்."

"தண்ணி உங்க பக்கம் விழலையா?"

"விழாம? அண்டா அண்டாவாப் பிடிச்சோம். அண்ணாச்சி மக கல்யாணம்லா! சமையல் எங்க பின்கட்டுலதான். அத்தனை பாத்திரமும் அந்தத் தண்ணியிலதான் கழுவினோம். பந்தி விசாரிச்சதே நான்தான்."

"எந்த அண்ணாச்சி?"

"நம்ம பிரதிவாதிதான்."

ரெஜினா சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்த வெள்ளையின் நடுவே ஒரு புள்ளி வைத்தாள். பச்சையா சிவப்பா என்று மென்பொருள் கேட்டது. அவள் ஆவுடையப்பனைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"இருங்க மேடம், அண்ணாச்சியையே ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்று கைப்பேசியை எடுத்தவர், எண்ணைத் தேடாமலே அழுத்தினார்.