கசக்குதா?

“உண்மையைச் சொல்லுங்க. பொய் சொன்னா நஷ்டம் உங்களுக்குத்தான்.”

நாற்காலியில் இருந்தவனின் தலையைத் தோள்வரை ஓர் உறை மூடியிருந்தது. முகத்துக்கு நேரே இருந்த கண்ணாடித்தாள் வழியே சோதனை செய்கிற பெண் மங்கலாகத் தெரிந்தாள். கையிலிருந்த ரப்பர் குமிழின் மூக்கை உறையின் ஓட்டைக்குள் நுழைத்து அழுத்தினாள். புஸ்.

“கசக்குதா?”

“இல்ல மேடம்.”

பச்சைப் பொய். நாக்கு நுனியில் இறங்கிய கசப்பு அதற்குள் அடித்தொண்டையை எட்டியிருந்தது.

‘மீசை’ என்றால்தான் தெருவில் அவனைத் தெரியும். மோவாய்வரை இறங்கிய அந்த மீசையை இன்று காலை தானே வழித்தெடுத்துவிட்டு, பெயருக்கு ஆதாரமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தான். எல்லாம் இந்த வேலைக்காக.

மூடிக் கிடந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆலையைச் சுத்தம் செய்கிற வேலை. அங்கே படிந்திருந்த தூசி கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு உள்ளே போனால் வெளியே வரவும் வராது. அதனால் மாஸ்க் முகத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், நடுவில் ஒரு முடிகூட இருக்கக்கூடாது. ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தக் கசப்பு மருந்து.

“கசந்தா மாஸ்க்ல எங்கயோ சந்து இருக்குன்னு அர்த்தம் மாமா. வீட்டுக்கு அனுப்பிடுவாங்க” என்று அதே வேலையில் முன்பே சேர்ந்திருந்த மச்சினன் வாசலிலேயே ஓதியிருந்தான். “தலையில மாட்டி விட்டு புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிப்பாங்க. உசுரே போனாலும் கசக்கலன்னே சொல்லுங்க. மூஞ்சியச் சுளிக்காதீங்க. மத்ததெல்லாம் அந்தம்மாவே சொல்லிக்குடுக்கும்.”

அந்தம்மா சொல்லிக்கொடுக்கத்தான் செய்தாள். மச்சினன் சொன்னதை உருப்போட்டுக்கொண்டிருந்தவன் காதில், “முதல்ல… நாக்கு… கசந்தா உடனே சொல்லணும்” என்று துண்டு துண்டாகத்தான் விழுந்தது.

“வாயைத் திறந்து மூச்சு விடுங்கண்ணே. நாக்கை லேசா நீட்டுங்க.”

இந்த முறை விடாமல் அழுத்தினாள். புதிதாக மழித்த மேலுதட்டில் சாரல் சில்லென்று விழுந்தது.

“இப்போ?”

“ம்ஹூம்.”

மனைவியின் முகத்தை நினைத்துக்கொண்டு விழுங்கினான்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனி படுத்த நாளிலிருந்து அவன் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, அதுதான் வினையே. “என்ன மாப்பிள்ளை, இன்னிக்கும் ரெஸ்ட்டா? எடுங்க எடுங்க, உடம்புதான் முக்கியம்” என்பார், ஊருக்கே கேட்கும்படி.

பக்கத்துத் தெருவில் மனைவி ஓர் அறை பார்த்துவைத்திருந்தாள். ஒரே ஒரு ஜன்னல். வேலை கிடைக்கும் முன்பே பாத்திரங்களைச் சாக்கில் கட்டியும் ஆயிற்று. “ஏங்க, வேலை கெடைச்சிடுச்சுன்னு வந்து நில்லுங்க, மூட்டையைத் தூக்கிடலாம். இல்லேன்னா இதையெல்லாம் நானே பிரிச்சுத் திரும்ப அடுக்கணும். எங்கப்பா நின்னு வேடிக்கை பார்ப்பாரு.”

“அண்ணே, கண்ணு கலங்குதே?”

“ராத்திரி சரியாத் தூக்கமில்ல மேடம்.”

அவள் குமிழைக் கீழே இறக்கினாள். “உள்ள போறவங்க யாரும் நோயை வாங்கிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது. அதுக்குத்தான் என்னை இங்க உட்கார வெச்சிருக்காங்க. கசந்தா கசக்குதுன்னு சொல்லுங்க. ஒண்ணும் ஆகிடாது.”

ஒன்றும் ஆகாதாம். இவளுக்கு என் மாமனாரைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டான்.

ஆனாலும் அந்த ஆலையில் ஷீட் அறுத்துக்கொண்டிருந்த கோடி வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். வீட்டு வாசற்படி ஏறுவதற்குள் வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பு மாதிரி இழுத்து இழுத்து நிற்பார். சந்து விட்ட மாஸ்க்கோடு உள்ளே போனால் நமக்கும் அந்த மூச்சுதான். சொல்லிவிடலாமா?

சாக்கு மூட்டையின் முடிச்சை அவிழ்க்கிற விரல்கள் கண்ணுக்குள் வந்தன. அவன் வாயைத் திறந்து நாக்கை நீட்டினான்.

“அடிங்க மேடம்.”

அடித்தாள். கசப்பு காது மடல்வரை ஏறியது. கால் கட்டைவிரலைச் செருப்புக்குள் மடக்கிக்கொண்டு, கண்ணாடித்தாளுக்கு இந்தப் பக்கம் சிரித்தபடியே இருந்தான்.

அவள் உறையை மெல்லத் தூக்கினாள். வெளியே அடுத்த ஆள் செருமும் சத்தம் கேட்டது. அவன் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள்.

“கடைசியாக் கேக்கறேன். துளிகூடக் கசக்கலையா?”

தாண்டிவிட்டோம் என்று தோன்றியது அவனுக்கு. தெம்பாக நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் கையிலிருந்த உறையைக் காட்டினான்.

“துளிகூட இல்ல மேடம். அருமையான மாஸ்க். ஒரு சொட்டு உள்ள விடல.”

“அண்ணே, இது நாக்குக்குக் கசப்பு தெரியுதான்னு பார்க்கறதுதான். உங்களுக்கு இன்னும் மாஸ்க்கே மாட்டலையே.”