ஆறடிச் சுவர்

சர்மிளாவுக்கு நடந்தது பச்சை அநியாயம். பத்துப் பேர் வரைந்த வீட்டு வரைபடங்களில் ஒன்பதைச் சுவரில் ஒட்டிவிட்டு, அவளுடையதை மட்டும் சுருட்டி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டாள் றொஷினி.

காரணமும் சொல்லவில்லை. "இது வேண்டாம், வேற ஒண்டு வரை" என்றாளாம். அவ்வளவுதான்.

கேட்டதும் சாம்பவிக்குக் கொதித்தது. பல்கலைக்கழகத்தில் பேராசிரியரையே கேள்வி கேட்டு வேர்க்க வைக்கிறவள். சிநேகிதிக்கு ஒன்று என்றால் விடுவாளா? வியாழக்கிழமை பின்னேரம் சர்மிளாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதித் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்துக்கு வந்துவிட்டாள்.

அங்கே நான்கு கொழுத்த மொனிற்றர்களை வைத்துக்கொண்டு, ஓட்டோகாட் என்ற வரைபட மென்பொருள் படித்தவர்களுக்கு றொஷினி பயிற்சி கொடுக்கிறாள். அவளுக்கும் வயது இருபத்தாறுதான். கட்டட வரைபடக் கந்தோர் ஒன்றில் வேலை. "பயிற்சிக்கு என்ன வரையிறது எண்டு தேடி அலையாதேங்கோ. நீங்கள் இருக்கிற வீட்டை அளந்து வரையுங்கோ" என்று சொன்னவளும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, அந்தக் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்து படங்களைப் பார்த்து, சிறந்ததுக்குப் பரிசு கொடுத்து, வரைந்தவரை வேலைக்கும் எடுப்பார்கள். லாசால் தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டி அடுக்கி முதுகு நொந்துபோன சர்மிளா, ஐந்து மாதமாக அந்த நாளுக்குத்தான் காத்திருக்கிறாள்.

"றொஷினி அக்கா, ஒரு நியாயம் கேக்க வந்தனான்."

"சொல்லும்."

"இவளின்ர படத்தில என்ன பிழை?"

"இப்ப வேண்டாம். பேந்து கதைப்பம்."

"பேந்து எண்டால்? ஞாயிற்றுக்கிழமை முடிஞ்சாப் பிறகோ?"

றொஷினி திரும்பி, கணினிகளில் வேலையாக இருந்த இருவரைப் பார்த்தாள். "அன்டன், கிறேஸ், மேல போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்கோ."

"ஏன் அனுப்புறியள்? சாட்சி இருக்கக் கூடாதோ?" என்றாள் சாம்பவி.

அன்டன் அரை மனதோடு எழும்பினான். சண்டை சூடு பிடிக்கிற நேரத்தில் போகச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்?

அவர்கள் படியேறும் வரை காத்திருந்துவிட்டு, றொஷினி படத்தை எடுத்து மேசையில் விரித்தாள்.

"குசினிக்கும் படுக்கையறைக்கும் நடுவில இருக்கிற சுவரைப் பாரும். ஆறடி தடிப்பு."

உண்மைதான். கறுப்பாக ஒரு மொத்தச் சுவர். அதற்காகச் சாம்பவி பின்வாங்குவாளா?

"பழைய கட்டடம். தடிப்பாத்தான் இருக்கும்."

"என்ன, யாழ்ப்பாணக் கோட்டையோ இது?"

"பகிடி விடாதேங்கோ. இவள் பிழையா அளந்திட்டாள் எண்டுதானே சொல்ல வாறியள்?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"சொல்லத்தான் பாக்கிறியள். வெளிச்சுவரை அளக்கேக்க அளவு நாடாவின்ர மற்றப் பக்கத்தைப் பிடிச்சவள் நான். பனிக்குள்ள நிண்டு மூண்டு தரம் அளந்தனாங்கள். ஒரு அங்குலம் பிழைக்காது."

சர்மிளா அவளுடைய கோட்டைப் பிடித்து இழுத்தாள். "காணுமடி. வா, போவம்."

"நீ சும்மா இரு. வாய் திறக்காமல் நிக்கிறதாலதான் எல்லாரும் உன்ர தலையில மிளகாய் அரைக்கினம்."

"உள்ளுக்கு ஆர் அளந்தது?" என்று கேட்டாள் றொஷினி.

"அது இவள் தனிய. என்னை வரவேண்டாம் எண்டிட்டாள். ஆனா இவளின்ர வேலை எனக்குத் தெரியும், அதுவும் சரியாத்தான் இருக்கும். நம்பேல்லையெண்டால் வாங்கோ, இப்பவே போய் அளந்து காட்டுறன். உங்கட கந்தோர் ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஐயோ, ஒருத்தரையும் கூப்பிடாதை" என்றாள் சர்மிளா.

றொஷினி தன் குரலைத் தாழ்த்தினாள். "நீர் சொல்லுறது முழுக்கச் சரி, சாம்பவி. வெளி அளவும் சரி, உள் அளவும் சரி. அப்ப நடுவில ஆறடி மிஞ்சுது. அதுக்குள்ள ஒரு கட்டில் போட்டு ஒரு ஆள் படுக்கலாம்."

அடுத்த வாதத்துக்கு வாயைத் திறந்த சாம்பவிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஒன்றரை வருடப் பழக்கத்தில் சர்மிளா ஒரு நாளாவது அவளை வீட்டுக்குள் வா என்று கூப்பிட்டதில்லை. எப்போதும் வாசலோடு கதைத்து அனுப்பிவிடுவாள்.

"மாமா," என்றாள் சர்மிளா, படத்தைப் பார்த்தபடி. "அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பக் குடிவரவுக் கடிதம் வந்து எட்டு மாசம். பலகை அடிச்ச சின்ன அறை. அதை வரையாமல் விட்டால் ஒருத்தருக்கும் தெரியாது எண்டு நினைச்சன்."

"அளவு தெரிஞ்சவைக்குத் தெரியும்" என்றாள் றொஷினி. "ஞாயிற்றுக்கிழமை பரிசு குடுக்க அரியரத்தினம் வாறார். உங்கட கட்டடச் சொந்தக்காரர். தன்ர கட்டடத்தில இப்பிடி ஒரு சுவர் இல்லையெண்டு அவருக்குத் தெரியாதோ?"

சாம்பவிக்குக் காது சுட்டது. இவ்வளவு நேரமும் அவள் தொண்டை கிழிய நிரூபித்தது எதை என்று இப்போதுதான் விளங்கியது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்ப இவளின்ர வேலை? இன்னும் ரெண்டு நாளுக்குள்ள இவள் ஆரின்ர வீட்டை அளந்து வரையிறது?"

றொஷினி படத்தை நான்காகக் கிழித்தாள். பிறகு கைப்பையைத் திறந்து எதையோ எடுத்துச் சர்மிளாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்ர வீட்டை. இந்தா கதவுத் திறப்பு. அங்க ஒளிக்க ஒருத்தரும் இல்லை."