யார் வீட்டு நாற்றம்

“சார், நானும் மரியாதையா சொல்லிப் பார்த்துட்டேன். உங்க செப்டிக் டேங்கைத் திறந்து பாருங்க. எங்க குழந்தைங்க மூக்கைப் பொத்திக்கிட்டுச் சாப்பிடுதுங்க.”

காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் டீச்சர். வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள். அந்தப் பக்கம் கண்டக்டர். பஸ் வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று நாளாகிறது. குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“எங்களோடதா?” என்றார்.

“பின்னே, என்னோடதா?”

அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

“ஏம்மா, உங்க பாத்ரூம்ல தண்ணி சட்டுனு இறங்குதா?”

“என்ன கேக்கறீங்க?”

“டாய்லெட்ல தண்ணி விட்டா களக் களக்னு சத்தம் வருதா?”

“சார், என் பாத்ரூம்ல என்ன சத்தம் வந்தா உங்களுக்கென்ன? வயசுக்கேத்த பேச்சா பேசுங்க.”

“உங்களுக்கு இது தேவையா?” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டாள். “தெருக்கோடி வரைக்கும் கேக்குது.”

கண்டக்டர் தலையைச் சொறிந்தார்.

“சரி விடுங்க டீச்சர். வண்டிக்குச் சொல்றேன்.”

“இன்னிக்கே சொல்லுங்க.”

இன்றைக்கே என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் இரட்டைக் குழந்தைகளின் அம்மா வாசலில் கைக்குட்டையை எடுக்காமலே பேசினாள். “நாங்க நாலஞ்சு பேர் கலந்து பேசிட்டோம் டீச்சர். நாளைக்குச் சாயங்காலமும் இப்படித்தான்னா வேற இடம் பார்த்துக்கறோம்.”

“பக்கத்து வீடுங்க. நான் என்ன செய்ய? எத்தனை சொன்னாலும் உறைக்காத மனுஷன்.”

அவர்கள் போனால் மற்றவர்களும் போவார்கள். காப்பகத்தை மூடிவிட்டு மறுபடியும் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் கஷ்டம்.

மத்தியானம் குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது அழுக்குத் தண்ணீர் டீச்சரின் கணுக்கால் வரை நின்றது. பெரியவர்கள் இரண்டு பேருக்கென்று கட்டிய வீடு. இப்போது ஒரு வகுப்பே குளிக்கிறது. எந்த வாண்டு எதை உள்ளே போட்டு அடைத்ததோ என்று முணுமுணுத்துக்கொண்டே பிளீச்சிங் பவுடரைக் கொட்டினாள்.

“டீச்சர், பூதம் பேசுது!” என்று டாய்லெட்டிலிருந்து ஒரு பொடிசு கத்தியது. மற்றவையெல்லாம் கேட்க ஓடின. தண்ணீர் ஊற்றினால் பூதம் பேசும் என்பது அவர்களுக்கு ஒரு வாரமாக விளையாட்டு.

“போதும், வெளியே வாங்க எல்லாரும்,” என்றாள் டீச்சர். கண்டக்டரின் கேள்வி ஞாபகம் வந்தது. கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் அம்மாக்கள் வர ஆரம்பித்த நேரத்தில் கழிவுநீர் லாரியும் வந்து கண்டக்டர் வீட்டு வாசலில் நின்றது. டீச்சருக்கு மூச்சு வந்தது.

“பார்த்தீங்கல்ல? நான் சொன்னேனே,” என்று அம்மாக்களிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள், கண்ணால் பார்த்துவிடலாமென்று.

சுவருக்கு அப்பால் லாரிக்காரர் மூடியைத் தள்ளி, நீளக் கம்பு ஒன்றை உள்ளே விட்டு எடுத்தார்.

“ஐயா, இதை எதுக்குத் திறக்கச் சொன்னீங்க? பாதிகூட நெறையலையே.”

“மெதுவா பேசுப்பா,” என்றார் கண்டக்டர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து டீச்சர் கேட்டதில்லை.

லாரிக்காரர் சுவர்மேல் எட்டிப் பார்த்தார். டீச்சரும் தன் காலடியைப் பார்த்தாள். தோட்டம் முழுக்கப் புல் காய்ந்து கிடந்தது. அவள் வீட்டு டேங்க் மூடியைச் சுற்றி மட்டும் கரும்பச்சையாகக் கொழித்திருந்தது. செருப்பு சொதசொதவென்று அமுங்கியது.

“என்ன சார், கடைசியில உங்களோடதுதானா?” வாசலிலிருந்து இரட்டையரின் அம்மா கேட்டாள்.

கண்டக்டர் கையை உதறிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குரலில் ஒரு வாக்கியம் போதும். தெருவுக்கே சேதி போய்விடும்.

“ஆமாங்க,” என்றார். தெருவே கேட்டது. “எங்களோடதுதான். நெறஞ்சு வழியுது. டீச்சரம்மா சொல்லிட்டேதான் இருந்தாங்க, நான்தான் சோம்பேறி. நாளையிலேருந்து நாத்தம் இருக்காது.”

“பச்சைக் குழந்தைங்க இருக்கற இடம் சார். கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?”

“வேணும்தாங்க.”

அம்மாக்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். “திங்கக்கிழமை பார்க்கலாம் டீச்சர்,” என்று குரல் கேட்டது. கடைசி ஸ்கூட்டரும் திரும்பிய பிறகு கண்டக்டர் தன் வீட்டுக்குள் போய்விட்டார். சுவர்ப் பக்கம் பார்க்கவில்லை.

லாரிக்காரர் மட்டும் இருந்தார்.

“தம்பி,” என்றாள் டீச்சர். “எங்க டேங்கையும் எடுத்துடறீங்களா? லாரி அங்கே நிக்குதே, பைப் இதுவரைக்கும் எட்டுமா?”

“எட்டும்மா. ஐயா காலையில போன் பண்ணும்போதே சொல்லிட்டாரு, லாரி என் வாசல்லதான் நிக்கணும், பைப் மட்டும் டீச்சர் வீடு வரைக்கும் எட்டறதா எடுத்துட்டு வான்னு.”