ரெண்டு குடம் தண்ணீர்

"ஏட்டி ஜெயா, உன் நாய் இனிமே சுவர் தாண்டாதுல்லா?"

ஆட்டோவிலிருந்து செவலையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்த ஜெயகுமாரிக்கு அழுகை முட்டியது. முயலை விரட்டி ஓடிய சிப்பிப்பாறை நாய். இடது பின்னங்கால் இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு தையல். எலும்பில் புற்றுநோய், விட்டால் பரவிவிடும் என்று தொடையோடு எடுத்துவிட்டார்கள்.

"தாண்டாதுக்கா. எந்திரிச்சு நின்னாலே பெருசு."

"நிம்மதி," என்றாள் பக்கத்து வீட்டு தௌலத் பேகம். "போன பக்ரீத்துக்கு முழு ஈரலையும் தூக்கிட்டுப் போன களவாணிப் பய. அவன் எச்சில் பட்டா நாங்க ஏழு வாட்டி கழுவணும், அதுல ஒரு வாட்டி மண்ணு போட்டு. பத்து நாளைக்கு ஒருக்க வார குழாத் தண்ணிக்கு நான் எங்கன போவேன்? என் வாசப் பக்கம் விட்டுராத, ஆமா!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

செவலையைப் புறவாசல் தகரக் கொட்டகையில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தாள் ஜெயகுமாரி. டாக்டர் சொன்னது காதிலேயே நின்றது. 'மூணு கால் போதும்மா நாய்க்கு. ஆனா பத்து நாளைக்குள்ள நிக்கணும். வயித்துக்கு அடியில துணியைக் கொடுத்துத் தூக்கிப் புடிச்சு, மூணு வேளை நடக்க விடுங்க. படுத்தே கிடந்தா உடம்பெல்லாம் புண்ணு வச்சிரும். அப்புறம் அதை வதைக்கக் கூடாது. ஒரு ஊசி போட்டு அனுப்பிரணும்.'

மூன்று வேளைக்கு எங்கே போவது? புருஷன் போய் நாலு வருஷம். தீப்பெட்டி ஆபீசுக்குக் காலை எட்டு மணிக்குப் போனால் திரும்ப ஆறு. இருந்த லீவெல்லாம் ஆபரேஷனோடு தீர்ந்துவிட்டது.

காலையிலும் மாலையிலும் பழைய சேலையை வயிற்றில் கொடுத்துத் தூக்கினாள். செவலை நனைந்த சாக்கு மாதிரித் தொங்கியது. விட்டதும் சரிந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"உனக்கு ரோசமே இல்லையாலே? எந்திரி ராசா," என்று கெஞ்சினாள்.

நான்காம் நாள் காலை, இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தௌலத் பேகம் எட்டிப் பார்த்தாள்.

"பகலெல்லாம் முனங்கி உசிர வாங்குதான். மதியம் நிம்மதியாத் தொழ முடியல. வாயில்லாச் சீவனைத் தனியாப் போட்டுட்டு வேலைக்குப் போறா பாரு."

"நான் என்னக்கா செய்யட்டும்? இன்னொரு லீவு போட்டா வேலையை விட்டுத் தூக்கிருவாவ."

"சரி சரி, அழாத. ரெண்டு குடம் தண்ணி கைமாத்தாத் தா. குழா வந்ததும் தாரேன்."

ஜெயகுமாரிக்குச் சுருக்கென்றது. முந்தாநாள்தான் குழாய் வந்தது. ஒற்றை ஆள், பதினைந்து குடம் பிடித்து வைத்தாளே! குளித்தே தீர்த்தாளா? முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் ரெண்டு குடம்.

ஏழாம் நாள் மாலை. புறவாசலுக்கு வந்த ஜெயகுமாரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செவலை நின்றுகொண்டிருந்தது! உடம்பு ஆடியது, சுவரில் சாய்ந்திருந்தது, ஆனாலும் நின்றது.

"அக்கா! செவல நின்னுட்டாங்க்கா!"

"அப்ப என் ஈரலுக்கு மறுபடியும் ஆபத்துன்னு சொல்லு," என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

பத்தாம் நாள் தையல் பிரித்த டாக்டர், மிச்சமிருந்த பின்னங்காலின் தொடையை அமுக்கிப் பார்த்தார். "நல்லாத் தேறிட்டான். நோய் திரும்பாதுன்னு சொல்ல முடியாதும்மா. எட்டு மாசமோ, ஒரு வருசமோ, இருக்குற வரைக்கும் சந்தோசமா ஓடட்டும். மூணு வேளையும் தவறாம நடக்க விட்டுருக்கீங்களே, அதான் பெருசு."

"ரெண்டு வேளைதான் சார். மதியம் நான் வீட்டுலயே இருக்க மாட்டேன்."

"ரெண்டு வேளையில இவ்வளவு தசை ஏறாதும்மா," என்று சிரித்தார் அவர். தன்னை மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டாள் ஜெயகுமாரி.

மறுநாள் காலையும் சுவரில் இரண்டு காலிக் குடங்கள் உட்கார்ந்திருந்தன.

"இதுதாங்க்கா கடைசி. எனக்கும் தண்ணி வேணும்லா?" என்று வெடுக்கென்று சொல்லி நிரப்பிக் கொடுத்தாள். தௌலத் பேகம் குடங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று ஊரெல்லாம் கரண்ட் கட். மெஷின் ஓடாது என்று மதியமே ஆபீசை விட்டுவிட்டார்கள். ஜெயகுமாரி வீட்டுக்குள் நுழைந்ததும், பின்னால் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மொள்ளும் சத்தம். எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. 'என் தண்ணிய இப்பிடியா கொட்டுதாவ? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுரணும்.'

விறுவிறுவென்று புறவாசலுக்கு வந்தாள். செவலை மூன்று காலில் சுவரோரம் நின்று, வாலை ஆட்டியபடி வாயை நக்கிக்கொண்டிருந்தது. காலடியில் அவளுடையதல்லாத ஒரு பழைய சேலை சுருண்டு கிடந்தது.

ஜெயகுமாரி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். முழங்கை வரை கரிசல் மண்ணைப் பூசிக்கொண்டு குந்தியிருந்த தௌலத் பேகம், "ஒண்ணு" என்று எண்ணியபடி முதல் சொம்புத் தண்ணீரைக் கையில் ஊற்றினாள்.

சண்டைக்கு வந்தவள் குரலைத் தணித்துக் கேட்டாள்.

"அக்கா… மிச்சம் ஆறுக்கும் தண்ணி போதுமா?"