கடவுச்சொல் கொப்பி

"வாப்பா, மற்ற ஆக்களின்ர கடிதப் பக்கத்தைத் திறக்கிறது ஹராமில்லையா?"

எட்டு வயது ஸஹ்றா ஒரு வெள்ளிக்கிழமை இப்படிக் கேட்டாள். வவுனியாச் சந்தைக்குப் பின்னால் இன்ரநெற் கடை வைத்திருந்த ஹலீம் திடுக்கிட்டு, கையிலிருந்த கொப்பியை மேசை லாச்சிக்குள் தள்ளினார். "போய் ஓதுங்க மகள்" என்றார்.

அந்தக் கொப்பியில் வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் இருந்தன. மின்னஞ்சல் கணக்குத் திறந்த அன்றே, மறந்துபோவோம் என்ற பயத்தில் அவர்களே சொல்லி எழுதுவித்தவை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மார்கழியில், போர் முடிந்து அடைக்கப்பட்டிருந்த கம்பிவேலி முகாமிலிருந்து விடுபட்ட மூன்றாம் நாள், நாகேஸ்வரி கடை வாசலில் வந்து நின்றார். இளைப்பாறிய ஆங்கில ரீச்சர். பாதி உடம்பாகியிருந்தார்.

"தம்பி, சண்டையில பாதை பூட்ட முதல் அக்கராயனில இருந்து மாதா மாதம் வாறனான். ஞாபகம் இருக்கோ?"

"இருக்கம்மா. உள்ளுக்கு வந்து இருங்கோ."

சுவிசிலிருந்த மகன் பிரசாந்தனின் நம்பர் எழுதிய துண்டு நந்திக்கடல் தண்ணீரில் கரைந்துபோயிருந்தது. தாய் உயிரோடு இருக்கிறாரா என்பதே அவனுக்குத் தெரியாது. அவனைத் தேடிப் பிடிக்க இந்த மின்னஞ்சலை விட்டால் வேறு வழியில்லை.

கடவுச்சொல்லும் மறந்துபோயிருந்தது. ஹலீம் கொப்பியைப் பார்த்துச் சொல்ல, அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பக்கம் திறந்தது. 'உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு முக்கியம்' என்று கம்பனி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே தடித்த கறுப்பு எழுத்தில், வரிக்கு வரி மகனின் பெயர்.

நாகேஸ்வரியின் கண்கள் நிறைந்தன. துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் மூலையிலிருந்த சின்ன எழுத்து கண்ணில் பட்டது. 'கடைசியாகத் திறந்தது ஒன்பது நாட்களுக்கு முன்.'

"ஒன்பது நாளுக்கு முதல் நான் கம்பிக்குள்ள எல்லோ இருந்தனான்! ஆர் திறந்தது?"

ஹலீம் தலையைக் குனிந்தார். "நான்தான் அம்மா."

"நீரோ? எத்தினை தரம்?"

"நாற்பத்திமூண்டு தரம்."

"கொப்பியில எழுதச் சொன்னது, நான் மறந்தால் சொல்லுறதுக்கு. நீர் திறக்கிறதுக்கில்லை!" நாகேஸ்வரியின் குரல் உடைந்தது. "என்ர பிள்ளை எழுதினதையெல்லாம் ஆருக்குக் கொண்டுபோய்க் குடுத்தனீர்? ஆரைக் காட்டிக்குடுத்தனீர்? சொல்லும்!"

பக்கத்துக் கதிரைகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"ஹலீம் நானா, எங்கட பேரும் அந்தக் கொப்பியில கிடக்குதோ?" என்றான் ஒருவன்.

"கிடக்காமல்? உன்ர காதல் கடிதமெல்லாம் அவருக்கு மனப்பாடம்" என்றான் மற்றவன். இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனார்.

"முதல்ல மகன்ர கடிதத்தைப் பாருங்கோ அம்மா. பிறகு ஏசுங்கோ" என்றார் ஹலீம்.

மேலேயிருந்த கடிதத்தை நாகேஸ்வரி திறந்தார். 'அம்மா, எங்கை இருந்தாலும் இந்த நம்பருக்கு ஒருக்கா எடுங்கோ. நீங்கள் வாசிக்கும்வரைக்கும் எழுதிக்கொண்டுதான் இருப்பன்.' நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பழைய பக்கத்துக்குத் திரும்பினார்.

அந்த ஒரு வரி மட்டும் மெலிந்திருந்தது. மற்றவை அப்படியே தடிப்பாக நின்றன. அவர் கீழே, இன்னும் கீழே, மூன்று வருடத்துக்கு முந்திய கடிதம்வரை போய்ப் பார்த்தார். எல்லாமே தடிப்பு.

"ஒண்டும் வாசிக்கப்படேல்லையே... அப்ப என்னத்துக்குத் திறந்தனீர்?"

"முப்பது நாள் ஆரும் திறக்காட்டி உள்ளுக்கிருக்கிற எல்லாத்தையும் அழிச்சுப்போடுவாங்கள். அது கம்பனிச் சட்டம். இஞ்ச பாதை பூட்டு, ஆக்கள் வர ஏலாது, கொஞ்சம் பொறுங்கோ எண்டு கம்பனிக்கு எழுதினன். 'இதற்குப் பதில் எழுத வேண்டாம்' எண்டு மெசின் பதில் போட்டுது. அதுதான் நாலு கிழமைக்கு ஒருக்காத் திறந்து மூடினனான்."

"நாசமாப் போவாங்கள்! அந்தச் சட்டமெல்லாம் எங்களைக் கேட்டோ போட்டவங்கள்? 'சம்மதம்' எண்ட ஒரு பட்டன்தானே கிடந்தது." நாகேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ தம்பி, கண்டபடி பேசிப்போட்டன். கடைக்கு வந்த ஆக்களும் எழும்பிப் போயிட்டினம். ஏன் எனக்காக இவ்வளவும்?"

"வெள்ளிக்கிழமையில எனக்கு வேலை குறைவு அம்மா. மகனுக்குக் கோல் எடுங்கோ."

கடைத் தொலைபேசியில் அவர் "அப்பு" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு இரண்டு பக்கமும் அழுகைதான். பேசி முடித்து அவர் போனபின் கடையில் ஒருவரும் இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் எல்லாரையும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, ஹலீமின் மாமி முனவ்வறா தண்ணீரூற்றில் பக்கத்து வீட்டு ரீச்சரிடம் ஒரு துணி முடிச்சைக் கொடுத்திருந்தார். மவுத்தான கணவர் குவைத்திலிருந்து அவருக்கு மட்டும் எழுதிய கடிதங்கள். பன்னிரண்டு வருடம் இடம்பெயர்ந்த இடமெல்லாம் அதைச் சுமந்து, பாதை திறந்ததும் பஸ் ஏறி வந்து, போட்ட முடிச்சு போட்டபடியே மாமியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார் அந்த ரீச்சர். ஹலீம் அப்போது சவூதியில்.

மாமி தொழுது கேட்ட கடைசித் துஆவரை விடாமல் சொன்ன பெயர் அந்த ரீச்சருடையது. கணக்குத் திறந்த அன்று, "நாகேஸ்வரி, முந்தித் தண்ணீரூற்று" என்று ரீச்சர் சொன்னதுமே ஹலீமுக்கு விளங்கிவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை.

ஹலீம் பேனையை எடுத்து, கொப்பியில் நாகேஸ்வரியின் கடவுச்சொல் இருந்த வரியை ஒருவரும் வாசிக்க முடியாதபடி கறுப்பாக அடித்தார்.

"மாமி, நானும் ஒண்டையும் வாசிக்கேல்லை."